கடலே இல்லாத காரைக்குடியில் கடல் நுண்ணுயிர் ஆய்வு எப்படி வந்தது? வள்ளல் அழகப்பர் போட்ட விதையின் கதை

காரைக்குடி என்றதும் என்ன ஞாபகத்துக்கு வரும்? செட்டிநாட்டு வீடு, ஆத்தங்குடிக் கல், கைமுறுக்கு, கோழி வறுவல். கடல் மட்டும் ஞாபகத்துக்கு வராது. வரவும் நியாயம் இல்லை. செம்மண் பூமி, வெயில், ஊரணி, கண்மாய், இதுதான் ஊர். ஊருக்கு நடுவில் இருக்கிற செக்காலையின் பேரில்கூட செக்கும் ஆலையும்தான் இருக்கு, அலை இல்லை. உப்புக்காற்று வேணும்னா தொண்டிப் பக்கம் பஸ் ஏறணும்.

ஆனால் அதே செக்காலையில் இருந்து கொஞ்ச தூரம் போனால் அழகப்பா பல்கலைக்கழகமும், ஊர்க்காரர்கள் சிக்ரி என்று சுருக்கமாகச் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் வரும். இந்த ரெண்டு இடத்திலும் கடலைப் பற்றி ஆய்வு நடக்குது. கடல்நீரில் இரும்பு ஏன் இப்படி அரிக்குது, கப்பலின் அடிப்பகுதியில் படியும் வழவழப்புக்குள் எந்த பாக்டீரியா இருக்கு, பவளத்தோடு ஒட்டி வாழும் நுண்ணுயிரில் இருந்து மருந்து கிடைக்குமா, கடற்புல் வளரும் மண்ணில் என்ன நடக்குது என்பதெல்லாம் இங்கே கேட்கப்படும் கேள்விகள்.

கடல் இல்லாத ஊரில் கடல் ஆய்வு எப்படி முளைத்தது? அந்தக் கதை ஆங்கில இலக்கியம் படித்த ஒரு வியாபாரியிடம் இருந்து தொடங்குது. அவர் விஞ்ஞானி கிடையாது. நுண்ணோக்கியைப் பிடித்து ஆராய்ச்சி செய்தவரும் கிடையாது. 48 வயதைத் தொடுவதற்கு ஒரு நாள் முன்னால் இறந்து போனவர். பெயர் ராம. அழகப்பச் செட்டியார். காரைக்குடிக்காரர்களுக்கு வள்ளல் அழகப்பர்.

கோட்டையூர் பிள்ளை

அழகப்பர் பிறந்தது 1909 ஏப்ரல் 6ஆம் தேதி, காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டையூரில். அப்பா ராமநாதன் செட்டியார், அம்மா உமையாள் ஆச்சி. நகரத்தார் குடும்பங்களில் அந்தக் காலத்தில் ஆண் பிள்ளைக்குப் பாதை முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். கணக்கு எழுதக் கத்துக்கணும். கொஞ்சம் வளர்ந்ததும் கப்பல் ஏறி பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ போய், அங்கே இருக்கிற பெட்டியடியில் உட்காரணும். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்து வீடு கட்டணும். காரைக்குடியைச் சுத்தி நிற்கிற பெரிய வீடுகள் பலதும் இப்படிக் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்த பணத்தில் எழுந்தவைதான்.

அழகப்பர் இந்தப் பாதையில் போகலை. காரைக்குடி எஸ்.எம்.எஸ். வித்தியாசாலையில் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அங்கே ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தபோது அவருக்கு வயது 21. வட்டிக் கணக்கு முக்கியமாக இருந்த ஒரு சமூகத்தில், எம்.ஏ. வரைக்கும் படித்த பிள்ளை என்பது அன்றைக்கு அபூர்வம்.

அதோடு நிற்கவில்லை. லண்டனுக்குப் போனார். சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். அங்கேயே வங்கித் தொழிலிலும் பயிற்சி எடுத்தார். விமானம் ஓட்டவும் கத்துக்கிட்டு உரிமம் வாங்கினார். ஒரே ஆளுக்குள் இத்தனை ஆசை.

வட்டித் தொழிலைத் தாண்டி வெளியே

அவர் ஊர் திரும்பிய காலம் நகரத்தார்களுக்கு நல்ல காலம் இல்லை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி பர்மாவையும் தாக்கியது. நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. நிலம் வந்தது, ஆனால் அதோடு கோபமும் வந்தது. பிறகு 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது கைவிட்டுப் போனது.

அழகப்பர் வேறு பக்கம் கால் வைத்திருந்தார். வட்டிக்கு விடுவதை விட்டுத் தொழிற்சாலை பக்கம் திரும்பினார். அன்றைய கொச்சி சமஸ்தானத்தில், திருச்சூருக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை தொடங்கினார். ஆலையைச் சுற்றி ஒரு ஊரே வளர்ந்தது. அந்த ஊருக்கு இன்றைக்கும் பேர் அழகப்பநகர்தான். ரப்பர் தோட்டம், காப்பீடு, பங்குச் சந்தை என்று கை வைக்காத துறை குறைவு. ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனமும் அவருடையதுதான்.

பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை அடைந்த பிறகு அந்தப் பட்டத்தை அவரே துறந்துவிட்டார்.

பணம் சேரச் சேர அது போன இடம்தான் கவனிக்க வேண்டியது. திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை வர 1 லட்சம் ரூபாய் கொடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் கொடுத்தார். அதில் உருவானதுதான் 1944இல் கிண்டியில் வந்த அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி. இன்றைக்கு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் ஏ.சி. டெக் என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான். அந்த ஏ.சி.க்கு விரிவாக்கம் அழகப்பச் செட்டியார் என்பது உள்ளே படிக்கிற சிலருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒரு கூட்டம், ஒரு அறிவிப்பு

1947 ஜூலை 3. சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் மேடையில் ஒரு வேண்டுகோள் வைத்தார். நாடு சுதந்திரம் அடையப் போகுது, படிக்க வருகிற பிள்ளைகளுக்குக் கல்லூரிகள் போதாது, வசதி உள்ளவர்கள் சொந்த ஊரில் கல்லூரி தொடங்க முன்வரணும் என்பதுதான் அதன் சாரம்.

கூட்டத்தில் இருந்த அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்குவதாக அங்கேயே அறிவித்தார். முதல் தவணையாக 1 லட்சம் ரூபாயும் கொடுத்தார்.

மேடையில் அறிவிப்பது பெரிய விஷயம் இல்லை. அதை எவ்வளவு சீக்கிரம் செய்து முடித்தார் என்பதுதான் விஷயம். சொந்தக் கட்டடம் கட்டி முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. அதே ஆகஸ்ட் 11ஆம் தேதி, அதாவது ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி திறந்தாச்சு. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க அப்போது இன்னும் நாலு நாள் பாக்கி.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்கல்விக் கல்லூரி, குழந்தைகளுக்கு மாண்டிசோரி பள்ளி. முள்ளும் செம்மண்ணுமாகக் கிடந்த இடத்தில், மழலையர் பள்ளியில் தொடங்கிப் பொறியியல் வரைக்கும் ஒரே வளாகத்தில் படிக்கலாம் என்ற நிலை பத்தே வருஷத்துக்குள் வந்துவிட்டது.

300 ஏக்கர், 15 லட்சம்: சிக்ரி வந்த கதை

இதெல்லாம் கல்லூரி. ஆராய்ச்சி நிலையம் எப்படி வந்தது?

சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்கத் தேசிய ஆய்வுக்கூடங்களை அமைக்கத் திட்டமிட்டது. அதன் பின்னால் இருந்தவர் விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர். இயற்பியலுக்கு டெல்லி, வேதியியலுக்குப் புனே, உலோகவியலுக்கு ஜாம்ஷெட்பூர், தோல் ஆராய்ச்சிக்குச் சென்னை என்று இடங்கள் முடிவாகிக் கொண்டிருந்தன. கவனிச்சுப் பார்த்தால், எல்லாம் பெரிய நகரங்கள் அல்லது பெரிய தொழிற்சாலை இருக்கிற இடங்கள்.

மின்வேதியியலுக்கும் ஒரு நிலையம் வரணும் என்ற பேச்சு எழுந்தபோது, அது காரைக்குடிக்கு வரட்டும் என்று அழகப்பர் முன்வந்தார். வெறும் கோரிக்கை மட்டும் வைக்கவில்லை. 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் மத்திய அரசிடம் கொடுத்தார். 1940களில் 15 லட்சம் என்றால் எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு அவரே ஒரு அளவுகோல். கிண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வர அவர் கொடுத்தது 5 லட்சம்தான். இது அதைப்போல மூணு மடங்கு.

1948 ஜூலை 25ஆம் தேதி பிரதமர் நேரு காரைக்குடிக்கே வந்து அடிக்கல் நாட்டினார். கட்டடம் முடிந்து, 1953 ஜனவரி 14ஆம் தேதி குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

இதில் அழகப்பருக்கு என்ன லாபம்? ஆலை இருந்தது கொச்சிப் பக்கம். வியாபாரம் பம்பாய், சென்னை என்று நடந்தது. மின்வேதியியல் ஆய்வு நூற்பாலைக்கு நேரடியாக உதவப் போவதும் இல்லை. கண்டுபிடிப்பு எதுவும் அவர் பேரில் பதிவாகப் போவதும் இல்லை. ஊருக்கு ஒரு விஞ்ஞானக்கூடம் கிடைக்கும், ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து வளருவார்கள் என்பதுதான் கணக்கு.

மின்வேதியியலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

மின்வேதியியல் என்ற பேர் பெருசா இருந்தாலும் விஷயம் நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கு. டார்ச் லைட்டில் போடும் பேட்டரி, நகைக்கும் பாத்திரத்துக்கும் ஏத்தும் முலாம், துருப்பிடிக்கிற ஜன்னல் கம்பி, எல்லாமே மின்வேதியியல்தான். வேதிவினை நடக்கும்போது எலக்ட்ரான் இடம் மாறுவதைப் படிக்கும் துறை இது.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் வேணும். கூடவே உப்பு இருந்தால் வேகம் பல மடங்கு கூடும். உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பது முதல் காரணம். உப்பில் இருக்கிற குளோரைடு, உலோகத்தின் மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையே உடைத்துவிடும் என்பது இன்னொரு காரணம். ஆகவே துருவைப் படிக்கணும்னா கடலுக்குப் போய்த்தான் ஆகணும்.

அதனால் சிக்ரியும் கடலுக்குப் போனது. காரைக்குடியில் இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் மண்டபத்தில் ஒரு சோதனை மையம் வந்தது. தூத்துக்குடியிலும் ஒரு மையம் வந்தது. மண்டபம் சும்மா தேர்ந்தெடுத்த இடம் இல்லை. ரெண்டு பக்கமும் கடல், வருஷம் முழுக்க உப்புக்காற்று. உலகத்திலேயே இரும்பு மிக வேகமாக அரிபடும் இடங்களில் ஒன்று அது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பராமரிக்க ரயில்வே பட்ட பாடு ஊரறிந்தது.

அங்கே வேலை எப்படி நடக்கும்? வெவ்வேறு உலோகத் தகடுகளையும், பெயிண்ட் அடித்த தகடுகளையும் கடற்கரைச் சட்டங்களில் மாட்டி வைப்பார்கள். சிலதைக் கடலுக்குள்ளேயே தொங்க விடுவார்கள். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விட்டு எடுத்து, எடை எவ்வளவு குறைந்திருக்கு, எங்கே குழி விழுந்திருக்கு என்று பார்ப்பார்கள். பொறுமை வேணும். அவசரப்பட்டால் முடிவு வராது. நாட்டில் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு அரிக்கும் என்று காட்டும் அரிமான வரைபடமும் சிக்ரி தயாரித்ததுதான்.

சரி, நுண்ணுயிர் எங்கே வருது?

கடலில் தொங்க விட்ட தகட்டை எடுத்துப் பார்த்தால் துரு மட்டும் இருக்காது. தொட்டால் வழுக்கும் ஒரு படலம் இருக்கும். அதுதான் பயோஃபிலிம், தமிழில் உயிர்ப்படலம்.

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். ஒரு பொருளைக் கடலில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே கரிமப் பொருட்கள் அதன் மேல் படியும். சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டும். அவை பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் குடித்தனம் போடும். அடுத்து டயாட்டம் என்ற நுண்பாசிகள் வரும். பிறகு பார்னக்கிள் என்ற ஓட்டுயிர், சிப்பி எல்லாம் இடம் பிடிக்கும். படகுக்காரர்கள் படகைக் கரையேற்றி அடிப்பகுதியைச் சுரண்டுகிறார்களே, அந்த வேலைக்குத் தொடக்கப் புள்ளி கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாக்டீரியாதான். அடிப்பகுதி சொரசொரப்பானால் படகு இழுக்கும், டீசல் கூடுதலாகச் செலவாகும்.

இதைவிட மோசமான விஷயமும் உண்டு. படலத்தின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அங்கே வேறொரு கூட்டம் தலையெடுக்கும். சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியா என்று பேர். நாம ஆக்சிஜனை எடுப்பது போல இவை கடல்நீரில் இருக்கும் சல்ஃபேட்டை எடுத்து மூச்சு விடும். வெளியே விடுவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது இரும்பை உள்ளுக்குள் குழி பறிக்கும்.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் புதைத்த இரும்புக் குழாய் ஏன் ஓட்டையாகுது என்பதற்கு இந்தப் பாக்டீரியாதான் காரணம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் விளக்கியது 1934இல். அப்போது அழகப்பருக்கு 25 வயது. பிற்காலத்தில் தன் நிலத்தில் எழுந்த கட்டடத்துக்குள்ளும் இதே உயிரை ஆராய்வார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்திருக்க முடியும்? நுண்ணுயிரால் வரும் அரிமானம் இன்று சிக்ரியில் ஒரு தனி ஆய்வுப் பிரிவாக வளர்ந்திருக்கு.

இரும்புக்கு எதிரி, கடற்புல்லுக்கு உறவு

இங்கேதான் கதை சுவாரசியமாகுது. குழாயை ஓட்டை போடும் அதே வகை பாக்டீரியா, கடற்புல் வளரும் மண்ணில் வேறு முகம் காட்டுது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடற்புல் வேறு, கடற்பாசி வேறு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது. கடற்புல் நிலத்துச் செடி மாதிரி வேர் விடும், பூக்கும், விதை போடும். உலகத்தில் சுமார் 70 வகை உண்டு. இந்தியாவில் கடற்புல் வகைகள் அதிகம் இருப்பது நம்ம பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும்தான். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசுவுக்கு இதுதான் சாப்பாடு. வளர்ந்த ஆவுளியா ஒன்று ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் மேயும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்வதும் இதற்குள்தான்.

கடற்புல்லின் வேரைச் சுற்றிய சேற்றில் சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள் நிறைய. இவற்றில் சில, காற்றில் இருந்து நீரில் கரைந்த நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக மாற்றித் தரும். பதிலுக்குச் செடி வேர் வழியே சர்க்கரைச் சத்தைக் கசிய விடும். வயலில் அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் நடப்பது போன்ற கொடுக்கல் வாங்கல் இது.

ஆனால் அளவு மீறினால் ஆபத்து. இவை வெளியே விடும் சல்ஃபைடு செடிக்கும் விஷம்தான். செடி நல்லா இருந்தால் வேர் வழியாக ஆக்சிஜனை இறக்கி அந்த விஷத்தை முறிக்கும். சல்ஃபைடைத் தின்று தீர்க்கும் வேறு பாக்டீரியாக்களும் துணைக்கு நிற்கும். கடல்நீர் கலங்கி வெளிச்சம் குறைந்தாலோ, கழிவு சேர்ந்தாலோ, செடி சோர்ந்து போகும். சமநிலை உடையும். பிறகு புல்வெளி கூட்டமாகச் சாகும்.

உலகம் முழுக்க இந்த ஆய்வு இப்போ சூடு பிடிச்சிருக்கு. 2017இல் இந்தோனேசியத் தீவுகளில் நடந்த ஆய்வு ஒன்று, கடற்புல் இருக்கும் இடத்தில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் சுமார் பாதியாகக் குறைவதைக் காட்டியது. 2021இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிறுவனத்தினர், மத்தியதரைக் கடல் கடற்புல்லின் வேருக்கு உள்ளேயே குடியிருந்து நைட்ரஜன் தரும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல். கடல்பசுவைக் காப்பாத்தணும்னா புல்லைக் காப்பாத்தணும். புல்லைக் காப்பாத்தணும்னா அதன் வேரில் இருக்கிற நுண்ணுயிரைப் புரிஞ்சுக்கணும். சங்கிலி அப்படித்தான் போகுது.

தொண்டி வரை போன பல்கலைக்கழகம்

அழகப்பர் தொடங்கிய கல்விக்கூடங்களின் வளாகத்தில், 1985இல் தமிழ்நாடு அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. அதன் கடலியல் மற்றும் கடலோர ஆய்வுத் துறை காரைக்குடியில் இல்லை, ராமநாதபுரம் மாவட்டம் தொண்டியில் இருக்கு. பாக் விரிகுடாவின் கரையிலேயே வகுப்பு. கடற்புல்லும் சேறும் மாணவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம்.

காரைக்குடி வளாகத்தில் இருக்கும் உயிர்தொழில்நுட்பவியல் துறை வேறொரு கோணத்தில் போகுது. மன்னார் வளைகுடாவில் பவளத்தோடு சேர்ந்து வாழும் பாக்டீரியாக்களை எடுத்து, அவை சுரக்கும் பொருட்கள் மற்ற கிருமிகளின் உயிர்ப்படலத்தைத் தடுக்குமா என்று சோதித்த ஆய்வுகள் அங்கிருந்து வெளிவந்திருக்கு. தொண்டை வலி தரும் கிருமியில் தொடங்கி, இறால் பண்ணையை அழிக்கும் விப்ரியோ வரைக்கும் பல கிருமிகளுக்கு இந்தப் படலம்தான் கவசம். கவசத்தைக் கழற்றிவிட்டால் மருந்து வேலை செய்வது சுலபம். கிருமியைக் கொல்லாமல் அதன் கூட்டணியை மட்டும் கலைப்பதால், மருந்துக்கு அது பழகிப்போகும் ஆபத்தும் குறையும் என்பது எதிர்பார்ப்பு.

பக்கத்து வளாகமான சிக்ரிக்கு உயிர்ப்படலம் இரும்பின் பிரச்சனை. பல்கலைக்கழகத்துக்கு அது நோயின் பிரச்சனை. ரெண்டும் ஒரே மனிதர் கொடுத்த மண்ணில் நிற்குது.

இதில் இன்னொரு செட்டிநாட்டுத் தொடர்பும் உண்டு. கடல் உயிரியலுக்குப் பேர் போன பரங்கிப்பேட்டை மையம், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அதைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியாரும் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் கானாடுகாத்தானைச் சேர்ந்தவர். கடல் தாண்டிப் போய்ப் பொருள் தேடிய ஒரு சமூகம், கடலைப் படிக்கிற இடங்களுக்கும் கை கொடுத்திருக்கு.

47 வயதில் முடிந்த ஓட்டம்

அழகப்பருக்கு இதில் எதையும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. உடல்நிலை நெடுநாளாகவே அவரை வாட்டியது. வியாபாரத்திலும் ஏற்றம் இறக்கம் மாறி மாறி வந்தது. அந்த நிலையிலும் கல்லூரிகளுக்குப் போகும் பணத்தை அவர் நிறுத்தவில்லை. பெரிய முதலாளியாக இருந்துகொண்டே சமதர்மக்காரர் போல நடந்தவர் என்ற பொருளில் நேரு அவரைப் பாராட்டினார் என்பது காரைக்குடியில் இன்றும் பேசப்படும் சேதி. இரண்டு பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. 1956இல் பத்மபூஷண் விருது வந்தது.

1957 ஏப்ரல் 5ஆம் தேதி அழகப்பர் காலமானார். மறுநாள் அவருக்கு 48ஆவது பிறந்தநாள். சிக்ரி திறந்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. பல்கலைக்கழகம் வர இன்னும் 28 வருஷம் இருந்தது. 2007இல் மத்திய அரசு அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

ஒரு தற்செயலையும் சொல்லணும். கடலரிப்பைத் தாங்கும்படி துருப்பிடிக்காத எஃகும் சிறப்புப் பூச்சும் கொண்டு கட்டிய புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரல் 6ஆம் தேதி. ராம நவமி என்பதால் அந்தத் தேதி. அது அழகப்பரின் பிறந்தநாளும்கூட.

இதை இப்போ ஏன் தெரிஞ்சுக்கணும்?

அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கு. போட்ட பணம் எதுவாகத் திரும்பி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. துருவைப் படிக்கப் போனவர்கள் பாக்டீரியாவில் போய் நின்றார்கள். வகுப்பறை கட்டிய இடத்தில் பவளப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 1948இல் திட்ட அறிக்கை எழுதியிருந்தால் அதில் கடற்புல் என்ற வார்த்தையே இருந்திருக்காது.

அழகப்பர் நிபந்தனை போட்டுக் கொடுத்திருந்தால், நூற்பாலைக்கு உதவும் ஆய்வு மட்டும் போதும் என்று சொல்லியிருந்தால், இன்றைக்கு அந்த 300 ஏக்கரில் என்ன இருந்திருக்கும்? அதிகபட்சம் ஒரு பழைய கட்டடம். நிலத்தையும் பணத்தையும் கொடுத்துவிட்டு, என்ன படிக்கணும் என்பதைப் படிக்கிறவர்களிடம் விட்டுவிட்டார். அந்த முடிவுதான் இன்றைக்கும் வேலை செய்யுது.

பாக் விரிகுடாவில் கடற்புல் சந்திக்கும் நெருக்கடி நிஜம். இழுவை மடி வேரோடு பிடுங்குது, கழிவு கலக்குது, நீரின் வெப்பமும் ஏறுது. புல் போனால் இறாலும் நண்டும் குறையும், அது தொண்டியிலும் மண்டபத்திலும் இருக்கிற மீனவர் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்து நிற்கும். அதற்கான பதிலைத் தேடுகிற இடங்களில் ஒன்று, அலைச் சத்தமே கேட்காத ஒரு செம்மண் ஊரில் தொடங்கியது.

அடுத்த முறை செக்காலை ரோட்டில் போகும்போது, புத்தகப் பையோடு கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களில் யாரோ ஒருத்தர் தொண்டிக் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு பிடி சேற்றைச் சின்னக் குப்பியில் அடைத்துக்கொண்டு வரலாம். அந்தக் குப்பிக்கான செலவில் ஒரு பங்கை அழகப்பர் எப்பவோ கட்டிவிட்டார்.